மீண்டவர் எத்தனை பேர்? போதைச் சிகிச்சைக் கணக்குகளைத் தேடிப் படித்தல்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரத்தில் சனிக்கிழமை மாலை மற்ற மாலைகளைப் போன்றதன்று. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வரும் நேரம் அது. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் உழைத்தவர்களுள் சிலர் அந்தப் பணத்துடன் நேரே வீடு சேர்வதில்லை என்பதை இவ்வட்டாரத்தில் குடியிருக்கும் எவரும் அறிவர். அவர்களுள் நம்மவர்களும் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை.

சென்ற ஆண்டு எங்கள் மஹல்லாவில் போதை ஒழிப்புக் கூட்டம் ஒன்று நடந்தது. முதலில் பேசியவர், நம் இளைஞர்களில் நூற்றுக்கு அறுபது பேர் போதைக்கு அடிமை என்றார். அடுத்துப் பேசியவர் அதனை எண்பதாக உயர்த்தினார். கூட்டம் முடிந்ததும் இருவரிடமும் ஆதாரம் கேட்டேன். முன்னவர் எங்கோ படித்ததாகச் சொன்னார். பின்னவர், "எல்லாரும் சொல்றதுதானே ஹஜ்ரத்" என்றார். முப்பதாண்டுகளுக்கு அருகில் ஹதீஸ் பாடம் நடத்தி வருபவனுக்கு, அறிவிப்பாளர் தொடரே இல்லாத ஒரு செய்தி மேடையில் முழங்கப்படுவதைக் கேட்பது எவ்வளவு கூச்சம் தரும் என்பதை வாசகர்கள் உணர்வார்கள்.

அன்று என்னைக் கலங்கச் செய்தது அந்த எண்கள் அல்ல. பெண்கள் பகுதியிலிருந்து வந்து ஓரமாக நின்ற ஒரு தாய், பவர் டேபிளில் தைத்து மகனை வளர்த்தவர், கேட்ட இரண்டு கேள்விகள். "பையனை எங்கீங்க ஹஜ்ரத் கொண்டு போறது? அங்க போனவங்கள்ல எத்தன பேருங்க நல்லாகி வந்திருக்காங்க?"

முதற் கேள்விக்கு விடை காண எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இரண்டாவது கேள்விக்கான தேடல் பல மாதங்கள் நீண்டது. அத்தேடலில் நான் கண்ட கணக்குகளையும், அவற்றைப் படிக்கும் முறையையும் ஈண்டு எழுதுகின்றேன்.

கணக்கெடுத்தல் நமக்குப் புதிதன்று. ஸஹீஹுல் புகாரியின் ஜிஹாத் பகுதியில், தலைவர் மக்களைப் பதிவு செய்தல் பற்றிய பாடத்தில் ஹுதைஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்றுண்டு. இஸ்லாத்தை மொழிந்தவர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். 1500 ஆண்கள் எழுதப்பட்டார்கள். இதே செய்தி வேறு அறிவிப்பாளர் வழியாக வரும்போது எண்ணிக்கை 500 ஆகிறது. இன்னொரு வழியில் 600-க்கும் 700-க்கும் இடைப்பட்டதாகிறது. விரிவுரையாளர்கள் இந்த வேறுபாட்டை மூடி மறைக்கவில்லை. எண்ணல் பல முறை நடந்திருக்கலாம் என்றனர் சிலர். 1500 என்பது பெண்கள், சிறுவர் உட்பட அனைவரும், 600-க்கு மேற்பட்டது ஆண்கள் மட்டும், 500 என்பது போரிடத் தக்கவர் என்று பிரித்துக் காட்டினர் வேறு சிலர். 'ஆண்கள்' என்ற சொல் 1500 என்ற அறிவிப்பிலேயே இருக்கிறதே, இவ்விளக்கம் எவ்வாறு பொருந்தும் என்ற மறுப்பும் எழுந்தது. ஒரே நகரம், ஒரே காலம், மூன்று எண்கள். எண்ணியவர் யார், எவரை எண்ணினார், எச்சொல்லால் வரையறுத்து எண்ணினார் என்று கேட்காமல் ஓர் எண்ணை ஏற்பதில்லை என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. அந்நெறியைத்தான் அரசின் புள்ளிவிவரங்களிலும் கையாள வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் போதைப் பழக்கம் பற்றிய மிக விரிந்த கணக்கு 2019-இல் வெளிவந்தது. மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக, புதுதில்லி எய்ம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த தேசிய போதைச் சார்பு சிகிச்சை மையம் அதனை நடத்தியது. 186 மாவட்டங்களில் 2,00,111 வீடுகளுக்குச் சென்று 4,73,569 பேரிடம் கேட்டார்கள். வீட்டில் வைத்துக் கேட்டால் கஞ்சாவையும் ஹெராயினையும் எவர் ஒப்புக்கொள்வார்? ஆதலால் 123 மாவட்டங்களில், போதைப்பொருள் பயன்படுத்தும் ஒருவர் வழியாக மற்றொருவரை அறிந்து, அவர் வழியாக அடுத்தவரை அறியும் தனி முறையில் 72,642 பேரைச் சந்தித்தார்கள். அறிக்கை இணையத்தில் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக் கிடைக்கிறது. 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றும், அவர்களுள் 2.9 கோடிப் பேர் மதுவைச் சார்ந்தே வாழும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றும் அது கூறுகிறது. இந்த 2.9 கோடி மக்கள்தொகையில் 2.7 விழுக்காடு. ஓபியம் வகைப் பொருள்களால் தீங்குறுவோரும் அவற்றைச் சார்ந்திருப்போரும் சுமார் 77 லட்சம் பேர்.

செய்தித்தாள்கள் இந்த எண்களைப் பெரிதாக அச்சிட்டன. சிகிச்சை பற்றி அதே அறிக்கை சொல்வதை அவ்வளவாக எவரும் கவனிக்கவில்லை. மதுவைச் சார்ந்துவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறியிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். சட்டவிரோதப் போதைப்பொருள்களைச் சார்ந்தவர்களின் நிலை சற்றே மேல்: 20 பேருக்கு ஒருவர் என்றேனும் உள்நோயாளியாக இருந்திருக்கிறார். 2.9 கோடியை 38-ஆல் வகுத்தால் ஏழரை லட்சத்துக்குச் சற்று மேல் வரும். மீதி இரண்டேமுக்கால் கோடிக்கு மேற்பட்டோர் எந்த மருத்துவரையும் இதற்காகப் பார்த்ததில்லை. கூட்டத்தில் அன்று முழங்கிய அறுபதையும் எண்பதையும் விட இந்த முப்பத்தெட்டில் ஒன்று என்னை அதிகமாக அச்சுறுத்தியது.

ஆனால் இதற்கு முன்பே, 2015-16-இல், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியிருக்கிறது. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 34,802 வயதுவந்தோரை நேரில் சந்தித்த ஆய்வு அது. மதுசார் கோளாறுடையோரில் சுமார் 86 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிட்டவில்லை என்கிறது அந்த ஆய்வு. அப்படியானால் ஏழு பேருக்கு ஒருவர் சிகிச்சை பெற்றார் என்றாகிறது. எய்ம்ஸோ 38-இல் ஒருவர் என்கிறது. இரண்டும் அரசு சார்ந்த நிறுவனங்கள், இரண்டும் நம்பகமானவை, இடைவெளியோ மூன்றாண்டு. யாரை நம்புவது?

ஹுதைஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பைப் பாடமாகக் கொண்டவர் இங்கே திகைக்க மாட்டார். நிம்ஹான்ஸ் 18 வயது நிரம்பியவர்களை மட்டும் எண்ணியது. எய்ம்ஸ் 10 முதல் 75 வரை எண்ணியது. ஒன்று 12 மாநிலங்களை எடுத்துக்கொண்டது. மற்றொன்று நாடு முழுவதையும். ஒன்றில் 'மதுசார் கோளாறு' என்பது நோயறிதல் வினாப்பட்டியல் ஒன்றின்படி வரையறுக்கப்பட்டது. மற்றொன்றில் எண்ணப்பட்டது 'சார்ந்திருத்தல்' என்னும் முற்றிய நிலை. 'சிகிச்சை' என்ற சொல்லும் இரண்டிலும் ஒரே அளவுடையது என்று கொள்வதற்கில்லை. 1500-ம் 500-ம் போல, இவ்விரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கும் எண்கள் அல்ல. வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். ஒன்றை மேடையில் சொல்லி மற்றொன்றை மறைப்பவரே பிழை செய்பவர். எதை எடுத்தாலும் பெரும்பாலோர் சிகிச்சையின் வாசலை மிதிக்கவில்லை என்ற முடிவு மட்டும் மாறவில்லை.

இவற்றுக்கு முந்திய தேசியக் கணக்கெடுப்பு 2000-2001-இல் நடந்து, 2004-இல் ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் மத்திய அரசும் சேர்ந்து வெளியிட்டது. அதன் வீட்டுக் கணக்கெடுப்பில் 12 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் மட்டுமே இடம்பெற்றனர். ஆகவே அதனையும் 2019 அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, போதை இத்தனை மடங்கு பெருகிற்று என்று கணக்குப் போடுவது தவறு. எனினும் அதில் ஒரு நற்செயல் இருந்தது. சிகிச்சை மையங்களுக்குப் புதிதாக வருவோரைக் குறிப்பிட்ட மாதங்களில் ஒரே படிவத்தில் பதிவு செய்து தொகுத்தார்கள். வீட்டு வாசலில் கேட்டறிவது ஒன்று. மருத்துவமனை வாசலில் எண்ணுவது மற்றொன்று. இரண்டாவதைத்தான் நம் தாயின் கேள்வி வேண்டி நிற்கிறது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு நம் வாசகர்களுக்கு ஓரளவு பழக்கமானதே. 2019-21-இல் நடந்த அதன் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 விழுக்காட்டினரும், பெண்களில் 0.3 விழுக்காட்டினரும் மது அருந்துகின்றனர். இந்திய ஆண்களின் சராசரி 18.8. இக்கணக்கெடுப்பின் பெருஞ்சிறப்பு, மாவட்டவாரித் தாள்கள் தனித்தனியே வெளியிடப்படுவது. திருப்பூர் மாவட்டத்துக்கும் தாள் உண்டு. எவரும் எடுத்துப் பார்க்கலாம். குறை என்னவெனில், குடிக்கிறாரா என்பதை மட்டும் அத்தாள் சொல்லும். சிகிச்சை பெற்றாரா என்பதற்கு அதில் வரியே இல்லை. மேலும் இது வீடுகளைச் சார்ந்த கணக்கு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கி, ஷிப்ட் மாறி உறங்கும் தொழிலாளரை இத்தகைய கணக்கு எந்த அளவுக்கு எட்டியிருக்கும் என்பதை நம் ஊரை அறிந்தவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

திருப்பூரைப் பற்றி மற்றொரு எச்சரிக்கையும் தேவை. திருப்பூர் தனி மாவட்டமானது 2009-இல். அதற்கு முந்திய எந்த மாவட்டக் கணக்கிலும் நம் ஊர் கோவையோடும், சில பகுதிகள் ஈரோட்டோடும் கரைந்து கிடக்கின்றன. பழைய எண்ணைத் திருப்பூருடையது என்று எவரேனும் காட்டினால் ஆண்டைக் கேளுங்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மற்றும் தற்கொலை அறிக்கையிலும் போதை ஒரு காரணமாக இடம்பெறுகிறது. 2022-இல் நாட்டில் பதிவான 1,70,924 தற்கொலைகளில் 6.8 விழுக்காட்டுக்குப் போதை அல்லது மதுப் பழக்கம் காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளது. இங்கே அறிவிப்பாளர் யார்? காவல் நிலையத்தில் விசாரணை எழுதும் அலுவலர். துயரத்தில் மூழ்கிய குடும்பம் 'குடும்பப் பிரச்சினை' என்று சொன்னால் அக்கட்டத்தில் எழுதுவார்; 'குடி' என்று சொன்னால் இக்கட்டத்தில் எழுதுவார். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால்? பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு மட்டுமே அவ்வறிக்கையில் தனி அட்டவணை உண்டு. 2011 கணக்கெடுப்பில் அந்த வரம்பைத் திருப்பூர் எட்டவில்லை என்பதால் தமிழகத்தில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகியவையே அதில் இடம்பெற்றன.

இத்தனை தேடலுக்குப் பின் ஒரு கணக்கு மட்டும் தேடாமலே கிடைத்தது. மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வைக்கிறது, தமிழிலேயே அச்சிடப்படுகிறது. 1983-இல் தோற்றுவிக்கப்பட்டு 2003 முதல் சில்லறை விற்பனையையும் ஏற்ற டாஸ்மாக் நிறுவனத்தின் வழியே அரசுக்குக் கிடைத்த வருவாய் 2022-23-இல் 44,121 கோடி ரூபாய், 2023-24-இல் 45,855 கோடி, 2024-25-இல் 48,344 கோடி. 2023 ஜூன் 22 அன்று 500 கடைகள் மூடப்பட்டதும், கடைகளின் எண்ணிக்கை 5,329-இலிருந்து 4,829 ஆனதும் துல்லியமாகவே தெரிகின்றன. விற்ற புட்டியை எண்ண ஒரு முறைமை இருக்கிறது. அது பிழையின்றி நடக்கிறது. அந்தப் புட்டியால் நோயுற்று மருத்துவமனைப் படியேறியவரை எண்ண அதே அரசிடம் அத்தகைய ஒற்றைக் கணக்கேடு இல்லை. இதனைக் குறையாகச் சொல்வதற்கு நான் தயங்கவில்லை.

சிகிச்சைக் கணக்கு அறவே இல்லை என்பதன்று; சிதறிக் கிடக்கிறது. சமூக நீதி அமைச்சகத்தின் நிதியுதவியில் நாடு முழுவதும் 300-க்கு மேற்பட்ட ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. அவற்றின் பயனாளிகள் எண்ணிக்கை அமைச்சகத்தின் ஆண்டறிக்கையிலும், மக்களவை, மாநிலங்களவைக் கேள்விகளுக்கான விடைகளிலும் மாநிலவாரியாக வருகிறது. நாடாளுமன்ற விடைகள் ஒரு புதையல் என்றே சொல்வேன். உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வியும், அமைச்சர் தந்த அட்டவணையும் இரு அவைகளின் இணையதளங்களிலும் தேடக் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது 'பயனாளி' என்ற சொல்லில் கண் வைக்க வேண்டும். உள்நோயாளியாக ஒரு மாதம் தங்கியவரும், ஒருமுறை ஆலோசனை பெற்றவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கலாம். 2020 ஆகஸ்டு 15 அன்று 272 மாவட்டங்களில் தொடங்கிய போதையில்லா பாரதம் இயக்கம் பல கோடிப் பேரைச் சென்றடைந்ததாகக் கூறுவது விழிப்புணர்வு நிகழ்ச்சிகளின் கணக்கு. கல்லூரி வளாகத்தில் உறுதிமொழி எடுத்த மாணவர் அதில் ஒருவர். அவர் நோயாளியும் அல்லர், மீண்டவரும் அல்லர்.

நம் மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்கோ வேறு வழியில் ஓடுகிறது. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும், மாவட்ட மனநலத் திட்டமும் குடிநோயாளிகளைப் பார்க்கின்றன. 2025-இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது; மாநிலத்தின் மாவட்டங்களோ 38. குடியால் கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி வருபவர் பொது மருத்துவப் பிரிவில் வயிற்று நோயாளியாகப் பதிவாகி, அங்கேயே மடிந்தும் போகிறார். போதைச் சிகிச்சைக் கணக்கில் அவர் பெயர் இல்லை. தனியார் மையங்களின் கணக்கு அவரவர் பீரோவில்.

மற்ற நாடுகளில் இதனை எவ்வாறு செய்கிறார்கள் என்று பார்த்தேன். அமெரிக்காவில் சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு வருகையையும் மாநிலங்கள் ஒரே படிவத்தில் மத்திய நிறுவனத்துக்கு அனுப்புகின்றன. 1992 முதலான பதிவுகள், பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு, உலகில் எவரும் எடுத்து ஆராயும் வகையில் வெளியிடப்படுகின்றன. எந்தப் பொருள், எத்தனை வயதில் தொடங்கியது, முன்பு எத்தனை முறை சிகிச்சைக்கு வந்தார், சிகிச்சையை முடித்தாரா, இடையில் போய்விட்டாரா என்பவை எல்லாம் உண்டு. அங்கும் ஒரு நுட்பம் இருக்கிறது: அவர்கள் எண்ணுவது ஆளை அன்று, வருகையை. ஓராண்டில் மூன்று முறை சேர்ந்தவர் மூன்று எண்ணாக நிற்பார். அரசு நிதி பெறாத தனியார் மையங்கள் பெரும்பாலும் அதில் வருவதில்லை. இக்குறைகளை அவர்களே அறிக்கையின் முற்பகுதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். குறையை ஒப்புக்கொள்ளும் அறிவிப்பாளரை நம் ஹதீஸ் கலை வல்லுநர்கள் மதித்ததை நினைவுகூர்ந்தேன்.

கணக்கு வேண்டும் என்று நான் பேசத் தொடங்கியதும் நம்மவர்கள் சிலர் ஒரு மறுப்பை எழுப்பினர். குறையை மறைப்பது நம் மார்க்கத்தின் பண்பு. நீங்களோ வெளியிடச் சொல்கிறீர்கள் என்றனர். தனிமனிதரின் மறைவைக் காப்பதில் எனக்கு இருவேறு கருத்தில்லை. மது அருந்தியதற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒருவரை மற்றொருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்து, அம்மனிதர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சான்றளித்த செய்தியும் புகாரியிலேயே இருக்கிறது. நோயாளியின் பெயர் வெளிப்படக் கூடாது. நாட்டின் சட்டமும் இதனையே சொல்கிறது: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, நோயாளியின் செய்திகளை இரகசியமாகக் காக்கும் கடமையை மருத்துவர்மீது சுமத்துகிறது. ஆனால் எண்ணிக்கைக்கு முகம் இல்லை. இன்னார் வந்தார் என்பது மறைக்கப்பட வேண்டியது. இத்தனை பேர் வந்தனர், இத்தனை பேர் முடித்தனர் என்பது மறைக்கப்படக் கூடாதது. இரண்டையும் குழப்பி, இரகசியம் என்ற பெயரில் மையங்கள் தம் தோல்வியை மறைத்துக்கொள்ள நாம் இடம் தரலாகாது.

அச்சட்டம் அந்தத் தாயின் முதற் கேள்விக்கும் விடை தருகிறது. போதை மீட்புச் சிகிச்சை தரும் நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். ஆணையம் அப்பதிவேட்டை இணையத்திலும் வெளியிட வேண்டும் என்பது சட்டத்தின் 55-ஆம் பிரிவு. மகனை முன்பணம் கட்டிச் சேர்க்க அவர் முடிவு செய்திருந்த 'மறுவாழ்வு இல்லம்' ஒன்றின் பெயரைக் கேட்டு, பதிவுச் சான்று எண்ணைத் தரும்படி நான் தொலைபேசியில் வேண்டியபோது, மறுமுனையில் இருந்தவர் சற்று மௌனமாகி, பிறகு இணைப்பைத் துண்டித்தார். அந்த மௌனமே போதுமானதாக இருந்தது. எந்தப் பெற்றோரும் செய்யக்கூடிய சோதனை இது. ஒரு ரூபாயும் செலவில்லை. பதிவு செய்தால் போலீஸ் வருமோ என்ற அச்சமும் நம் வீடுகளில் உண்டு. சிறிய அளவுப் போதைப்பொருள் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரே ஆயினும், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்திருக்கிறது. மது பற்றிய சிகிச்சைக்கு அந்த அச்சம்கூடத் தேவையில்லை. 14446 என்ற கட்டணமில்லா எண் மத்திய அரசின் போதை மீட்பு உதவிக்கு உரியது. 14416 மனநல உதவிக்கு உரியது.

இரண்டாம் கேள்விக்கு அச்சிட்ட விடை எங்கும் கிடைக்காமையால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நாடினேன். என் முதல் விண்ணப்பம் வெட்கப்படத்தக்கது. மாவட்டத்தில் குடிநோயாளிகள் எத்தனை பேர், அவர்களுள் குணமானோர் எத்தனை பேர் என்று கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். அத்தகைய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை என்று ஒரே வரியில் விடை வந்தது. சில நாள் கோபமாக இருந்தேன். பின்னர்ச் சட்டத்தை நிதானமாகப் படித்தபோது பிழையில் பாதி என்னுடையது என்று விளங்கிற்று. அலுவலகம் தன் கையில் வைத்திருக்கும் ஆவணத்தைத்தான் தரக் கடமைப்பட்டது. நமக்காகப் புதிதாக ஆய்வு செய்து தர அதற்குக் கடமையில்லை. ஆகவே விடையைக் கேட்கக் கூடாது. ஆவணத்தைக் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர் என்று வினவ அவர்களுக்கு உரிமையில்லை. காரணம் எழுதவும் வேண்டா. அலுவலகம் மாறிப் போனால், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். விடைக்கு முப்பது நாள் கெடு. தவறினால் அல்லது விடை நிறைவளிக்காவிட்டால் அதே துறையின் மேலலுவலரிடம் முதல் மேல்முறையீடு, அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம். தனிமனிதர் பற்றிய தகவலைத் தர மறுக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு. ஆதலால் பெயர், வயது, முகவரி எதுவும் வேண்டியதில்லை, எண்ணிக்கை மட்டும் போதும் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. மறுப்பதற்கான வாசல் அடைபடும்.

இரண்டாம் விண்ணப்பத்தில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் மாதாந்தர அறிக்கைப் படிகளைக் கேட்டேன். வந்தன. மாதம்தோறும் இத்தனை புறநோயாளிகள் என்ற எண் இருந்தது. முதன்முறை வந்தவரும், ஆறாம் முறை வந்தவரும் ஒரே கட்டத்தில் கூட்டப்பட்டிருந்தனர். அமெரிக்க அறிக்கை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் அதே சிக்கல். கூட்டத் தொகை கூடினால் நோய் கூடிற்றா, அல்லது மருந்தை விடாமல் வாங்க வருவோர் கூடினரா? முன்னது துக்கம், பின்னது மகிழ்ச்சி. எண் இரண்டுக்கும் ஒன்றே.

மூன்றாம் விண்ணப்பத்தை எழுத இரண்டு இரவு எடுத்துக்கொண்டேன். ஐந்து உருப்படிகள் கேட்டிருக்கிறேன். போதைச் சிகிச்சைக்கெனத் தனிப் பதிவேடு பேணப்படுகிறதா, எனில் அதன் கட்டங்களின் தலைப்புகள் அடங்கிய வெற்றுப் பக்கத்தின் படி. முதல் வருகை, மறு வருகை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் மாதச் சுருக்கம் இருப்பின் அதன் படி. உள்நோயாளியாகச் சேர்ந்தோர், சிகிச்சை முடித்து அனுப்பப்பட்டோர், மருத்துவர் அறிவுரைக்கு மாறாக வெளியேறியோர் எண்ணிக்கை காட்டும் அறிக்கைப் படி. அனுப்பப்பட்டவர்களில் ஆறு மாதத்துக்குப் பின்னும் மறு ஆய்வுக்கு வந்தோர் பற்றிய பதிவு ஏதும் உண்டா என்பது. மருத்துவம் அறிந்த நண்பர் ஒருவர், 'குணமானார்' என்ற கட்டம் எங்கும் இராது, இந்நோயில் அச்சொல்லை எவரும் எழுதத் துணியார், 'தொடர்ந்து வருகிறார்' என்பதே கிடைக்கக்கூடிய மிக நெருங்கிய சொல் என்று திருத்தினார். நான்காம் உருப்படி அவர் சொற்படி அமைந்தது.

அந்தத் தாயின் மகன் இப்போது வாரம் ஒரு நாள் அரை நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து அரசு மருத்துவமனைக்குப் போய் வருகிறான். நடுவில் இரண்டு வாரம் போகவில்லை. பிறகு தானே போனான். அவனுடைய புறநோயாளிச் சீட்டைப் பார்த்தேன். அது எந்தக் கட்டத்தில் எண்ணப்படுகிறது, விட்டுப்போன அந்த இரு வாரங்கள் எங்கேனும் பதிவாகின்றனவா என்பதே என் ஐந்தாம் உருப்படி. பல்லடம் அஞ்சலகத்தில் பதிவுத் தபாலாகச் சேர்த்திருக்கிறேன். முப்பது நாள் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.